முதுகைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தவர்

ஷட்டர்க்காரர் என்று சொன்னால் போதும், எங்கள் ஊரில் விலாசம் தேவையில்லை. கடைத்தெருவில் காலையில் கடகடவென்று மேலே போகிற இரும்புக் கதவுகளில் பாதி அவர் பட்டறையில் பிறந்தவை. மீதிப் பாதி, அவரிடம் விலை கேட்டுவிட்டு, வேறு இடத்தில் மலிவாகப் போட்டு, இப்போது இடுப்பளவில் சிக்கிக்கொண்டு நிற்பவை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதில் அவருக்கு ஒரு துளி வெட்கம் கிடையாது. "ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தா இன்னைக்கு எவன்கிட்டயாவது குமாஸ்தாவா உக்காந்திருப்பேன். போகாததால நாலு குமாஸ்தாவுக்குச் சம்பளம் குடுக்கறேன்" என்பார். பட்டறையில் குமாஸ்தா ஒருவர்தான். மற்ற மூவர் யார் என்று அவர் சம்சாரம் ஒரு தடவை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். "வரப்போறாங்க" என்று சொல்லிச் சமாளித்தார்.

தற்பெருமை ஒன்றைத் தவிர அவரிடம் வேறு கெட்ட பழக்கம் இல்லை. அதையும் கெட்டது என்று சொல்ல எனக்கு மனசு வராது. வெல்டிங் புகையில் கண் சிவந்து, சுருள் கம்பி அறுந்து அடித்து முன்பல் ஒன்றைப் பறிகொடுத்து, ஒண்டியாக மேலே வந்த மனுஷன். தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அவரிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்வார்கள். ஒரு கடைக்குப் புது ஷட்டர் மாட்டி முடித்ததும், இரண்டு பக்க வழித்தடத்திலும் கிரீஸ் தடவி, சுருளை முறுக்கிச் சரி பார்த்து, கடைக்காரரைக் கூப்பிட்டு, "நீங்களே தூக்குங்க, ரெண்டு விரல் போதும்" என்பார்கள். கடைக்காரர் பயந்துகொண்டே விரலை வைப்பார். அவ்வளவு பெரிய இரும்பு பஞ்சு மாதிரி மேலே போகும். அந்தச் சந்தோஷத்தில் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். சரியாக அந்த நேரம் பார்த்து ஷட்டர்க்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்துபோய், தன் வேனின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார். மாட்டின ஆள்களின் கையில் கடைக்காரர் என்ன கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

புதிதாகச் சேர்ந்த வெல்டர் ஒருவன், "எப்பப் பாத்தாலும் அந்த டயரையே பாக்கறீங்களே முதலாளி, காத்து இறங்குதா?" என்று கேட்டுவிட்டான். கூட இருந்தவன் அவன் இடுப்பைக் கிள்ளினான்.

டயரில் ஒன்றும் இல்லை. காரணம் பட்டறைக்கும் முந்தின காலத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தது. வாலிப வயதில் அவர் அங்கே பரிமாறுகிறவராக இருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட தகர டப்பா ஒன்று உண்டு. சாப்பிட வருகிறவர்கள் கொடுக்கிற இனாம் எல்லாம் அந்த டப்பாவில் விழ வேண்டும். சாவி கல்லாக்காரர் இடுப்பில். "எல்லாருக்கும் சமமாப் பிரிப்போம்" என்பார் அவர். பிரிக்கிற அன்றைக்குப் பார்த்தால் டப்பா எப்படியோ இளைத்துப்போயிருக்கும். ஒரு நாள், தினம் வருகிற பெரியவர் ஒருவர், டப்பாவைப் பார்க்காத மாதிரி ஒரு நோட்டை மடித்து இவருடைய சட்டைப்பையில் செருகினார். கல்லாக்காரர் எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும், அந்தப் பையில் இரண்டு விரலை விட்டு நோட்டை எடுத்தார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் குடித்தார்.

கழுவின கை ஈரம் காய்வதற்குள் ஷட்டர்க்காரர் அந்தக் கடையை விட்டு இறங்கிவிட்டார். கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் மூன்றாவது கை வரக் கூடாது. அவர் படித்த ஆறாம் வகுப்புப் பாடம் அது ஒன்றுதான்.

அந்தப் பாடம் தண்ணீரில் மிதக்கிற ஊரில் செல்லுபடியாகாது என்று அவருக்கு யார் சொல்வது?

கப்பல் பயணம் அவர் ஆசை இல்லை, சம்சாரத்தின் ஆசை. பட்டறை வைக்க வளையலைக் கழற்றிக் கொடுத்தபோதும் சரி, மாடி கட்டினபோதும் சரி, அந்த அம்மா தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. மகன் பட்டறைப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, "தண்ணி மேல ஒரு தடவை தூங்கிப் பாக்கணுங்க" என்றாள். அவ்வளவுதான். மறுவாரம் டிக்கெட் போட்டுவிட்டார். போட்ட கையோடு ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார்.

கப்பலில் ஏறி அறைக்குள் நுழைந்ததும் சம்சாரம் ஜன்னலுக்குப் போய்க் கடலைப் பார்த்தாள். இவர் கதவைப் பார்த்தார். திறந்தார், மூடினார், கீலைத் தடவினார். "இது தேவலை" என்றார். குளியலறைக் கதவுக்கு வந்ததும் முகம் சுளித்தார்.

"ஸ்பிரிங் செத்துப்போச்சு. யாரு மாட்டினது இதை?"

"நான் இல்ல சார்" என்று வாசலில் ஒரு குரல்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். வெள்ளைச் சட்டை, கையில் துண்டு அடுக்கு, முகம் கொள்ளாத சிரிப்பு. அந்த வரிசை அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

"கதவு உங்களைத் தொந்தரவு பண்ணினா சொல்லுங்க சார், ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"ஆள் எதுக்கு? ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டா."

"ஏங்க, ஏறினதும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள் சம்சாரம். "தம்பி, நீங்க அதெல்லாம் கொண்டு வராதீங்க. குடுத்தீங்கன்னா கப்பலைப் பிரிச்சுப் போட்டுடுவார்."

அன்று சாயங்காலம் சாப்பிட்டுத் திரும்பினால், படுக்கையின் நடுவில் துண்டால் செய்த யானை ஒன்று உட்கார்ந்திருந்தது. தும்பிக்கை தூக்கி, காது விரித்து, மூக்கின் மேல் ஷட்டர்க்காரரின் வாசிக்கிற கண்ணாடி. மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். யானையைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஊசி இல்லை, நூல் இல்லை. வெறும் மடிப்பு.

"வேலைக்காரன்" என்றார். அவர் வாயில் இன்னொருத்தனுக்கு அந்தப் பட்டம் கிடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. அன்றிலிருந்து அந்த மனிதர் அவருக்குத் 'துண்டுத் தம்பி' ஆகிவிட்டார். பார்க்கும்போதெல்லாம் நிறுத்திவைத்து, ரெண்டு விரலில் ஷட்டர் தூக்குகிற கதையை அவரிடம் அளந்தார்.

சம்சாரம் மறுநாளே துண்டுத் தம்பியின் குடும்பக் கதை முழுவதையும் வாங்கிவிட்டாள். அவளிடம் ஒரு திறமை, அவள் கேள்வி கேட்கிற மாதிரியே இருக்காது.

"அந்தத் தம்பியோட வீட்டுக்காரியும் இதே கப்பல்லதாங்க. கீழ லாண்டரில. போன ரெண்டு ஒப்பந்தமும் அவர் ஒரு கப்பல், இவ ஒரு கப்பல். கல்யாணம் பண்ணி போன்லயே குடும்பம் நடத்தியிருக்காங்க. இந்தத் தடவைதான் கெஞ்சிக் கூத்தாடி ஒண்ணா வந்திருக்காங்க."

"நல்லதுதானே."

"முழுசாக் கேளுங்க. இந்தப் பயணத்தோட ஒப்பந்தம் முடியுதாம். அடுத்ததும் ஒரே கப்பல் வேணும்னா, சூப்பர்வைசரம்மா நல்ல வார்த்தை எழுதி அனுப்பணுமாம். ஒரு குறை வந்தாப் போச்சு, மறுபடியும் ஆளுக்கொரு திசை. அந்தத் துண்டெல்லாம் அவ மடிச்சு அனுப்பறதுதானாம். இவருக்கு வர்ற அடுக்குல மட்டும் ஒரு ஓரத்தை உள்ள மடக்கி வைப்பாளாம், இது நம்ம ஆளுதுன்னு தெரியறதுக்கு."

"அதான் யானை காது அவ்வளவு விறைப்பா நிக்குது" என்றார் ஷட்டர்க்காரர். அவருக்கு எல்லாமே கடைசியில் வேலையில் வந்துதான் முடியும்.

சனி சாப்பாட்டு மேசையில் பிடித்தது. அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தவர் வேறு ஊரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், கூட அவர் மனைவி. அவர்களுக்கும் அதே வரிசையில்தான் அறை. பெயிண்ட் கடைக்காரர் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "கவனிச்சீங்களா? தினமும் தலைக்கு இவ்வளவுன்னு சர்வீஸ் சார்ஜ் ஏறுது. நம்மளைக் கேக்கறதே இல்ல" என்றார்.

ஷட்டர்க்காரர் கரண்டியை வைத்தார். "எதுக்கு?"

"வேலை செய்யறவங்களுக்கு டிப்ஸாம். மொத்தமா எடுத்துக்கிட்டு இவங்களே பிரிச்சுக் குடுப்பாங்களாம்."

அவ்வளவுதான். கடலும் இல்லை, கப்பலும் இல்லை, ஷட்டர்க்காரரின் கண் முன்னால் பூட்டுப் போட்ட தகர டப்பா வந்து நின்றது. கல்லாக்காரரின் இரண்டு விரல் வந்து நின்றது.

"வேண்டாம்னு சொன்னா எடுத்துடுவாங்களா?"

"ரிசப்ஷன்ல போய்ச் சொல்லணுமாம். சொல்றதுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு."

"என்ன ஒரு மாதிரி? நான் போறேன். நீங்களும் வாங்க. குடுக்கறதை அவங்கவங்க கையில குடுப்போம். நடுவுல இவங்க யாரு?"

அறைக் கணக்கிலிருந்து சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னதும், ரிசப்ஷனில் இருந்த பெண் மரியாதையாகக் கேட்டாள். "ஏதாவது குறை இருந்ததா சார்?"

"குறையா? இவ்வளவு சுத்தமா வேலை பாக்கற ஆளை நான் பாத்ததில்ல. அதுக்காகத்தான் எடுக்கச் சொல்றேன்."

அவள் குழம்பிப்போய், "சார், எடுத்தீங்கன்னா அது..." என்று ஆரம்பித்தாள். ஷட்டர்க்காரரிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. சாப்பாட்டுக் கடை, தகர டப்பா, பட்டறை, வேன் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லி முடித்தார். பின்னால் வரிசை நீண்டது. அவள் பெருமூச்சு விட்டு, சொன்னபடி செய்தாள். பெயிண்ட் கடைக்காரரும் தன் அறைக்கு அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஷட்டர்க்காரர் மேல்தளத்தில் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். கப்பலையே அவர் பட்டறையில்தான் செய்தது போல இருந்தது.

மறுநாள் காலை துண்டுத் தம்பி அறையைத் துடைக்க வந்தபோது, ஒரு நோட்டை நான்காக மடித்துக் கையில் திணித்தார். சின்ன நோட்டு இல்லை.

"சார், இது..."

"பேசக் கூடாது. உனக்கு மட்டும். எவன்கிட்டயும் காட்டாதே."

துண்டுத் தம்பி அந்த நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு, "நன்றி சார்" என்றார். கொடுத்தவருக்கு அது கூச்சம் என்று பட்டது. சம்சாரத்துக்கு வேறு மாதிரி பட்டது.

"முகமே சரியில்லையேங்க. காசு வாங்கினவன் முகமா அது?"

"சந்தோஷத்துல பேச்சு வரல."

"உங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம் ஒரு நாளாவது வரக்கூடாதா" என்றாள் அவள்.

அன்றும் படுக்கையில் துண்டு இருந்தது. குரங்கு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி அதன் மூக்கில் இல்லை, மேசை மேலேயே ஒழுங்காகக் கிடந்தது. சம்சாரம் மட்டும் அதைக் கவனித்தாள்.

அதற்கடுத்த நாள் காலை ஷட்டர்க்காரர் மறுபடியும் ஒரு நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கக் கிளம்பினார். பாதி வழியில் தொப்பி ஞாபகம் வந்து திரும்பினார். திரும்பினவர், நடைவழியின் மூலையில் நின்றுவிட்டார். துண்டுத் தம்பி எதிரில் நரை ஓடிய தலையை இறுக்கிக் கட்டின ஒரு அம்மாள், நெஞ்சில் சூப்பர்வைசர் என்று வில்லை. துண்டுத் தம்பி சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த நோட்டை எடுத்து நீட்டுகிறார். அந்த அம்மாள் அதை வாங்கி ஒரு கவரில் போடுகிறாள்.

ஷட்டர்க்காரர் மூலையை விட்டு வெளியே வந்தார். இத்தனை வருஷம் கழித்து, நடுக்கடலில், அதே இரண்டு விரல்.

"அதை அவர் கையிலயே குடுங்கம்மா."

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "சார், நீங்க போங்க சார், ஒண்ணுமில்ல" என்றார் துண்டுத் தம்பி, பாவம்.

"நீ சும்மா இரு. அம்மா, அது நான் அவருக்குக் குடுத்தது. உங்களுக்குக் குடுத்தது இல்ல. அடுத்தவன் பையில கைவிட உங்களுக்கு யார் உரிமை குடுத்தா?"

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்கதான் சார் குடுத்தீங்க."

"என்ன?"

"சர்வீஸ் சார்ஜை எடுத்த அறையிலேருந்து கையில காசு வந்தா, அதை ஒப்படைக்கணும். கப்பல்ல அதுதான் முறை. எல்லாருக்கும் பிரியற பணத்தோட இது போய்ச் சேரும். நீங்க அதை எடுக்காம இருந்து, அதுக்கு மேல ஆசைப்பட்டுக் குடுத்திருந்தா, இது அவரோடது. நான் கேக்க முடியாது, கேக்கவும் மாட்டேன்."

ஷட்டர்க்காரர் அந்தக் கவரைப் பார்த்தார்.

"பிரியறதுன்னா யாருக்கு? பெரிய ஆளுங்களுக்கா?"

"தட்டு கழுவறவங்களுக்கு. தரை துடைக்கிறவங்களுக்கு. லாண்டரிக்கு. உங்க கண்ணுல படாதவங்க எத்தனையோ பேர் சார், அவங்க கையில யாரு நேராக் குடுப்பா? இவர் சம்சாரத்துக்கும் அதுலதான் வருது."

சாப்பாட்டுக் கடையில் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்காளின் ஞாபகம் அவருக்கு அப்போது வந்தது. அந்த அக்காளின் பையில் எந்தப் பெரியவரும் நோட்டைச் செருகினது இல்லை. அதைப் பற்றி அவர் இதுவரைக்கும் யோசித்ததும் இல்லை.

"சரி, நான்தான் ரிசப்ஷன் பொண்ணுகிட்டக் குறை இல்லன்னு சொன்னேனே."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க. முகத்துக்கு நேராக் குறை சொல்லக் கூச்சமா இருக்கும், சார்ஜை மட்டும் எடுக்கச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. எடுத்தா எதுக்கு எடுத்தாங்கன்னு மேல கேப்பாங்க. ஒரே வரிசையில ரெண்டு அறை. ரெண்டும் இவர் பாக்கற அறை. நாளைக்கு நான் இவரைப் பத்தி எழுதி அனுப்பணும். என்னன்னு எழுதட்டும்?"

ஷட்டர்க்காரர் துண்டுத் தம்பியைப் பார்த்தார். "ஏம்ப்பா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பிரயாணிங்ககிட்ட இதைப் பத்தி நாங்க பேசக் கூடாது சார். பேசினா அதுவும் குறைதான்."

தொப்பியை எடுக்காமலே அவர் மேல்தளத்துக்குப் போய்விட்டார்.

சம்சாரம் தேடிக்கொண்டு வந்தபோது, காற்றில் முடி பறக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது தன் தப்பைக் கொஞ்சம் குறைத்து, சூப்பர்வைசரம்மாவின் கடுமையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். அவள் எல்லாவற்றையும் தன் கணக்கில் சரி செய்துகொண்டு கேட்டாள்.

"அப்ப அவங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கப் போறது நீங்க."

"நானா? நான் நல்லதுதானே நினைச்சேன்."

"நினைச்சீங்க. ஆனா அந்த ரிசப்ஷன் பொண்ணைப் பேச விட்டீங்களா?"

அவர் கம்பியின் பெயிண்டை நகத்தால் சுரண்டினார்.

"ஏங்க, நம்ம பட்டறை ஆரம்பிச்சப்ப, நீங்க வேற ஊருல ஷட்டர் மாட்டப் போனா மாசக் கணக்குல வர மாட்டீங்க. நான் ராத்திரி ரெண்டு தட்டு வச்சுட்டு ஒரு தட்டை எடுத்து உள்ள வைப்பேன். உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்ல." அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க."

"எல்லாரும் நிப்பாங்கடி அங்க."

"எடுக்கச் சொன்னப்பவும் எல்லாரும்தான் நின்னாங்க."

அவர் வாழ்க்கையில் எத்தனையோ பளு தூக்கியிருக்கிறார். ரிசப்ஷன் வரைக்கும் தன் காலைத் தூக்கி வைத்ததுதான் எல்லாவற்றிலும் கனம் என்று பிறகு சொல்லியிருக்கிறார். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

வரிசை இருந்தது. அதே பெண். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் களைப்பு வந்தது.

"அம்மா, நான் எடுத்ததைத் திரும்பப் போட்டுடு. முதல் நாள்லேருந்து."

"சரி சார்."

"அது போதாது. நான் ஏன் எடுத்தேன்னு போட்டிருக்கீங்க?"

"காரணம் சொல்லலைன்னு இருக்கு சார்."

"எவ்வளவு நேரம் நின்னு காரணம் சொன்னேன்."

"நீங்க ஒரு சாப்பாட்டுக் கடைக் கதை சொன்னீங்க சார்" என்றாள் அவள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "இப்ப என்னன்னு போடட்டும்?"

ஷட்டர்க்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தெரியாமப் பண்ணிட்டேன்னு போடு" என்றார். தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. அது வந்ததும், அடைத்துக்கொண்டிருந்த ஷட்டர் மேலே போன மாதிரி, மீதியெல்லாம் கடகடவென்று வந்துவிட்டது.

"இதையும் போடு. நான் பட்டறை வச்சிருக்கேன். வேலையைப் பாத்தா எனக்குத் தெரியும். அந்த ஆள் விரிச்ச படுக்கையில ஒரு சுருக்கம் காட்டினா, நான் என் பட்டறையை எழுதித் தரேன். கண்ணாடித் தம்ளர்ல ஒரு விரல் ரேகை காட்டு. தண்ணி குடிச்சுட்டு நான் எங்க வச்சாலும், அடுத்த நாள் தம்ளர் அங்கயேதான் இருக்கும், கழுவி, என் கைக்கு எட்டற மாதிரி. துண்டுல யானை பண்றாரு. நீ பண்ணிக் காட்டு பாப்போம். அந்தத் துண்டை மடிச்சு அனுப்பறது அவர் சம்சாரம், லாண்டரில இருக்கு. அந்த மடிப்பு இல்லன்னா யானை நிக்காது. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல இருந்தாத்தான் வேலை நடக்கும். ரெண்டையும் பிரிச்சா கப்பலுக்குத்தான் நஷ்டம்."

தன்னைப் பற்றிப் பேசியே பழகின வாய் அது. அதே குரல், அதே மீசை முறுக்கு, அதே அளப்பு. ஆள் மட்டும் மாறியிருந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "அவர் எந்த வரிசைங்க? எங்களுக்கு மாத்திக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாத்தையும் போட்டுட்டேன் சார். ஆனா பக்கத்து அறையை அவங்களே வந்து சொன்னாத்தான் உண்டு."

பெயிண்ட் கடைக்காரர் நீச்சல் குளத்தோரம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துண்டை விலக்காமலே பேசினார்.

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"ஆமா. இப்பப் போடச் சொல்றேன்."

"என்ன சார், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எனக்கு மிச்சமானது மிச்சம்."

"கையில குடுப்போம்னு பேச்சு. நீங்க குடுத்தீங்களா?"

"கடைசி நாள் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

அந்தக் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று ஷட்டர்க்காரருக்குத் தெரியாதா? கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க கடை ஷட்டர் எப்படி இருக்கு?" என்றார்.

துண்டு கொஞ்சம் விலகியது. ஒரு கண் தெரிந்தது. "அதை ஏன் கேக்கறீங்க. தூக்க ரெண்டு ஆள் வேணும்."

"நானே வந்து சரி பண்ணித் தரேன். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் வந்து கிரீஸ் போடறேன். காசு வேண்டாம். எழுந்திரிங்க, ரிசப்ஷனுக்குப் போவோம்."

பெயிண்ட் கடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "நாலு ஷட்டர் இருக்கு."

"நாலும்."

பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் மனைவி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏங்க, குடோன்ல ஒண்ணு இருக்கே" என்றாள்.

அந்த ஊருக்கு ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டும். இன்றைக்கும் வருஷம் தவறாமல் போகிறார், கிரீஸ் டப்பாவோடு. ஐந்து ஷட்டர்.

இறங்குகிற நாள் வரைக்கும் அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சூப்பர்வைசரம்மா என்ன எழுதினாள், எழுதினதை மேலே ஒத்துக்கொண்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. துண்டுத் தம்பியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. இறங்குகிற காலை, பெட்டிகளை வெளியே வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை கீழே போய்க் காபி குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினார்கள்.

படுக்கையில் யானை இல்லை, குரங்கு இல்லை. சட்டை மாட்டுகிற கம்பியை அலமாரிப் பிடியில் தொங்கவிட்டு, அதில் ஒரு பெரிய துண்டு. மேலே உருண்டையாகச் சுருண்டு, கீழே வரிவரியாக மடிப்பு வைத்து, இரண்டு பக்கமும் சின்னத் துண்டுகளால் வழித்தடம். அச்சு அசல் ஷட்டர். அதன் முன்னால் அவருடைய கண்ணாடி மாட்டின ஒரு சின்னப் பொம்மை நின்றது. துண்டுதான், ஆனால் தொப்பை உள்பட ஆள் யாரென்று தெரிந்தது.

"ரெண்டு விரல் போதும் சார், தூக்கிப் பாருங்க" என்று வாசலில் துண்டுத் தம்பியின் குரல்.

ஷட்டர்க்காரர் இரண்டு விரலை வைத்தார். துண்டு வரிவரியாக மடிந்து மேலே போனது. ஒரு ஓரம் உள்பக்கம் மடக்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

வாசலில் துண்டுத் தம்பியோடு இன்னொருத்தியும் நின்றிருந்தாள். லாண்டரிச் சீருடை, ஆவியில் வெந்து சிவந்த கைகள். கீழே வேலை செய்கிறவர்களுக்கு இந்த நடைவழிக்கு வர அனுமதி கிடையாது. அனுமதி கொடுத்தவள் பக்கத்திலேயே நின்றாள், சூப்பர்வைசரம்மா.

"அடுத்த ஒப்பந்தமும் இதே கப்பல்தான் அம்மா" என்றாள் லாண்டரிக்காரி, ஷட்டர்க்காரரின் சம்சாரத்திடம். "நேத்துதான் வந்துச்சு. அவரு ராத்திரியெல்லாம் தூங்காம இதைச் செஞ்சு பாத்துக்கிட்டிருந்தாரு. ஏழு துண்டைக் கெடுத்தாரு. நான்தான் மறுபடி துவைக்கணும்."

சம்சாரம் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

ஷட்டர்க்காரரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. சூப்பர்வைசரம்மா அங்கேயே இருக்கிறாள். இப்போது கொடுக்கலாம், முறைப்படி கொடுக்கலாம், ஆனாலும் பழைய பயம் விடுமா? இரண்டு விரல் ஞாபகம் லேசில் போகுமா?

சூப்பர்வைசரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக முதுகைத் திருப்பிக்கொண்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சரி செய்யத் தொடங்கினாள். கப்பல் படம். நேராகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள், தூசி இல்லாத சட்டத்தை விரலால் துடைத்தாள்.

ஷட்டர்க்காரர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு நோட்டைத் துண்டுத் தம்பி கையிலும், இன்னொன்றை அந்தச் சிவந்த கையிலும் வைத்து மூடினார்.

இறங்குகிற படியில் சம்சாரம், "என்ன, பேச்சையே காணோம்?" என்றாள்.

"அந்தப் படம் கோணலே இல்லடி" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாதா? உங்க டயர்லதான் என்னைக்குக் காத்து இறங்கியிருக்கு?"